கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே

மழை விட்டிருந்தது. மண்டபத்து வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரச் செருப்பு வாசனையும் ரோஜா மாலை வாசனையும் பந்தியிலிருந்து வந்த நெய் வாசனையும் கலந்து, மின்விசிறிக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன.

கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த கல்யாண மண்டபம் அது. மாலை வரவேற்பு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் புகைப்படக்காரர்கள் இப்படியும் அப்படியும் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குழுவுக்கு மேடையின் இடது ஓரம். நான் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவேன். என் பக்கத்தில் ரிதம் பேடு வாசிக்கும் லாரன்ஸ், கல்லூரியில் என்னோடு படித்தவன். பின்னால் மிக்சர் பெட்டியின் முன் சவுண்ட் சர்வீஸ் சலீம் பாய். கீழே முதல் வரிசையில் என் கணவர் பாஸ்கர், மடியில் என் கைப்பையோடு.

முதல் இரண்டு பாட்டுகள் நன்றாகவே போயின. ஆனால் கூட்டத்தின் சத்தம் ஜாஸ்தி. மூன்றாவது பாட்டு தாழ்ந்த குரலில் தொடங்குவது. யாருக்கும் கேட்காதே என்று, அதுவரை ஒரு சாண் தள்ளி நின்றிருந்தவள் மைக்கை நெருங்கினேன். உதடு மைக்கின் வலையைத் தொட்டது.

தாடையில் யாரோ கட்டையால் அடித்ததுபோல இருந்தது. என்னவென்று புரிவதற்குள் வலது கை தானாகப் போய் மைக் கம்பத்தைப் பற்றிக்கொண்டது. இடது கை கிட்டார் கம்பிகளின்மேல் இருந்தது. இரண்டையும் விட வேண்டும் என்று நினைக்கிறேன், விரல்கள் திறக்கவில்லை. கத்த நினைக்கிறேன், வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ துடித்தது.

நான் ஆடுவதாக நினைத்து முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் கேட்கிறது.

பாஸ்கருக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. பையைப் போட்டுவிட்டு மேடைமீது தாவினார். என்னைப் பிடித்து இழுக்கக் கை நீட்டிவிட்டார்.

"பாஸ்கர், தொடாத! தொடாத!"

லாரன்ஸ் போட்ட அந்தச் சத்தம் ஸ்பீக்கரைவிடப் பெரியதாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவன் என் பக்கமே வரவில்லை. சுவரோரமாக ஓடி, கிட்டாரின் ஆம்ப்ளிபயருக்குப் போன எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிளக்கோடு பிடுங்கினான்.

என்னைப் பிடித்திருந்தது விட்டது. கிட்டாரோடு பின்னால் சாய்ந்தேன். பாஸ்கர் தாங்கிக்கொண்டார்.

"புனிதா, கண்ண தொற. புனிதா, இங்க பாரு" என்று அவர் சொல்வது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

சுர்ரென்று ஒரு சங்கதி

மேடையில் பாடுகிற எவரைக் கேட்டாலும் ஷாக் அடித்த கதை ஒன்று வைத்திருப்பார்கள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

"மைக்கு சுர்ருங்குது" என்பது எங்கள் தொழிலில் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பதைப் போன்ற ஒரு பேச்சு. உதட்டில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னக் குத்தல். கைக்குட்டையை மைக்கில் சுற்றிக்கொள்வார்கள். கால் செருப்பைக் கழற்றாமல் நிற்பார்கள். ஒரு கீபோர்டு அண்ணன், "அக்னி ஸ்தலத்துல இருந்துக்கிட்டு கரண்ட் அடிக்காம இருக்கணும்னா எப்படி?" என்று சொல்லிச் சொல்லியே எல்லா மேடையிலும் சிரிக்கவைப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் கிட்டார் கற்றுக்கொண்டது இந்த ஊர் சர்ச் ஒன்றின் மாடியறையில். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்துப் பெண் நான். டவுன் கல்லூரிக்கு வந்த இடத்தில் தோழி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவுக்குக் கூட்டிப்போனாள். சாமி வேறாக இருந்தாலும் சுருதி ஒன்றுதானே என்று அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். லாரன்ஸ் அங்கேதான் பழக்கம். மரப்பெஞ்சில் தாளம் தட்டிக்கொண்டிருந்தவன்.

அந்த மாடியறை மைக்கும் சுர்ரென்றுதான் இருக்கும். மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்றால் ஜாஸ்தி, பாயில் நின்றால் கம்மி. அதனால் பாய் விரித்துக்கொண்டோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் ஒன்று உண்டு. எங்கள் நிலத்தில் மோட்டார் கொட்டாய் இருந்தது. அப்பா ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் ஒருவரையும் விடமாட்டார். கோடையானால் கொட்டாய்க்குப் பின்னால் பூமியில் புதைத்திருக்கும் எர்த் கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவார். "காஞ்ச மண்ணு கரண்ட வாங்காது" என்பார். அந்த வீட்டில் வளர்ந்த நான், மேடைக்கு வந்ததும் மோட்டார் வேறு, மைக் வேறு என்று நினைத்துக்கொண்டேன். கலர் விளக்கும் சாமந்திப் பூவும் இருக்கிற இடத்தில் ஆபத்து இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வேர்வை

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் வயராக ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மறுபடியும் வயரா என்று நான் அழுதேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்க கிட்டருந்து வாங்குறதுங்க, குடுக்கிறது இல்ல" என்றார். அப்படி ஒரு வார்த்தை அந்த நேரத்தில் சொல்லத் தோன்றியதே அவருக்கு.

இதயத்துக்கு ஒன்றுமில்லை. கீழுதட்டில் ஒரு கொப்புளம். இடது கை விரல் நுனிகளில், கம்பி பதிந்த இடங்களில், கோடு கோடாகத் தீய்ந்திருந்தது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உடம்பு சீக்கிரம் தேறிவிட்டது. மனசுதான் தேறவில்லை. பிரிட்ஜ் கதவைத் தொட முடியவில்லை. மிக்சி சுவிட்சை மரக்கரண்டியால் தட்டினேன். சட்னி அரைக்க வேண்டுமென்றால் பாஸ்கர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை.

பகலில் நான் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறேன். உள்ளே போகப் பயந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம், "ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க" என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். "பயமா இருக்கா? டாக்டர் கிட்ட சொல்லுங்க, என்ன பண்ணப் போறார்னு மொதல்ல காட்டச் சொல்லுங்க" என்பேன். அவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலீம் பாய் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய மாதுளம்பழம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு உங்க கை ஈரமா இருந்துச்சாம்மா?"

எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"வேர்வைதான் பாய். கூட்டம் நெரியுற மண்டபத்துல பாடுறவளுக்கு வேர்க்காதா? வேர்க்காத ஆள் பாடுறதுக்குத்தான் செட்டு போடுறீங்களா?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பழத்தை உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அந்த ஆம்ப்ளிபயர் பிளக்குல மூணாவது பின்னு இல்லம்மா. நான்தான் வெட்டினேன். எர்த்து குடுத்தா ஸ்பீக்கர்ல ஓய்ங்குனு ஒரே இரைச்சல். கல்யாண வீட்ல திட்டுறாங்க. அந்தப் பின்ன வெட்டினா இரைச்சல் போயிடுது. எல்லாரும் பண்றாங்கன்னு நானும் பண்ணிட்டேன்."

பாஸ்கர் சமையலறை வாசலில் டீயோடு நின்றுவிட்டார்.

"அந்த ஆம்ப்ளிபயரக் கொண்டாங்க பாய்" என்றேன். "மைக்கு, மிக்சரு எல்லாத்தையும் கொண்டாங்க. என்னா நடந்துச்சுனு நான் பார்க்கணும்."

ஜீரோ வாட்ஸ் பல்பு

அடுத்த ஞாயிறு எங்கள் கூடம் ஒரு சின்ன மேடை ஆனது. லாரன்ஸ் வந்தான். அவன் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன். அந்த மாலைக்குப் பிறகு என் முகத்தைச் சரியாகப் பார்த்துப் பேசாமலே இருந்தான்.

ஆம்ப்ளிபயரை அன்று போலவே எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினான். மிக்சரை எங்கள் சுவரில் இருந்த எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டில் சொருகினான். கிட்டாரைத் தொடாமல் சோபாவில் கிடத்தியிருந்தோம். ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒன்றின் நுனியைக் கிட்டார் கம்பியில் மாட்டினான். இன்னொன்றை மைக்கின் வலையில் வைத்தான்.

பல்பு எரிந்தது.

படுக்கையறையில் தூங்கும்போது எரியவிடும் சின்னச் சிவப்புப் பல்புதான். அது என் வழியாகப் போன கரண்டில் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை எடுக்க முடியவில்லை.

"இந்த டிரான்ஸ்பார்மர் பழசு" என்றான் லாரன்ஸ். "உள்ள இன்சுலேஷன் போயி, கரண்ட் இரும்புக் கூட்டுக்கு வந்துடுச்சு. எர்த் பின் இருந்திருந்தா அது நேரா பூமிக்கு ஓடியிருக்கும், பியூஸ் போயிருக்கும், ஆம்ப்ளிபயர் செத்திருக்கும். அவ்ளோதான் நடந்திருக்கும். பின் இல்லாததால போக வழியில்லாம கூட்டுலயே நிக்குது. கூடு, வயரு, கிட்டார் கம்பி, எல்லாம் ஒண்ணு. இந்தப் பக்கம் மைக்கு, மிக்சரு, பூமி, எல்லாம் ஒண்ணு. நடுவுல ஆள் வந்து நின்னா…"

"நான்" என்றேன்.

"ஆமா. நீ."

சலீம் பாய் தலையைக் குனிந்துகொண்டு, பல்பையே பார்த்தபடி இருந்தார்.

"லாரன்ஸ், இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்று கேட்டேன். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவன் பல்பைக் கழற்றினான். "தெரியும். படிச்சதெல்லாம் கிளாஸ்ல இருந்துச்சு. ஸ்டேஜ் ஏறினா எனக்குத் தாளம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்" என்றான். கண் கலங்கியிருந்தது. "இனிமே ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

அன்று மதியம் பாஸ்கர் பிரியாணி வாங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டே நான்கு பேரும் முடிவு செய்தோம். பின் வெட்டிய பிளக் ஒன்றுகூட இனி இருக்கக் கூடாது. கிட்டாரும் மைக்கும் மிக்சரும் எர்த் உள்ள ஒரே பாயிண்டிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும். கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்று செட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இரைச்சல் வந்தால் அதற்கு என்று விற்கிற பெட்டியை ஒலி வயரில் மாட்டிக்கொள்ளலாம், எர்த்தைத் தொடக் கூடாது. பல்பு எரியாத அளவுக்குச் சின்னக் கசிவும் இருக்கும் என்பதால் லாரன்ஸ் தன் மீட்டரையும் கொண்டுவருவான். அவன் பார்த்து முடிக்கும்வரை என் கை கம்பியில் படாது.

சலீம் பாய் போகும்போது அந்த ஆம்ப்ளிபயரை ஆட்டோவில் ஏற்றினார். ரிப்பேருக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். உள்ளிருந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, இனி யாரும் எடுத்து மாட்டக் கூடாது என்று சுத்தியலால் அடித்துப் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

மைக் இல்லாத காபிக் கடை

எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் பாட வரவில்லை. மைக் முன்னால் போய் நின்றாலே கால் தானாகப் பின்னால் போய்விடும்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சின்ன காபிக் கடை. வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இஞ்சி டீ குடிக்கிற இடம். அங்கே சுவரில் யாரோ விட்டுப்போன ஒரு மரக் கிட்டார் தொங்கும். வயர் கிடையாது, பிளக் கிடையாது. வெறும் பலகையும் கம்பியும்.

பாஸ்கர் என்னை அங்கே கூட்டிப்போனார். "வாசி. ஷாக் அடிக்கணும்னா மரத்துக்கே கரண்ட் குடுக்கணும்" என்றார்.

முதல் நாள் மீட்டிப் பார்த்தேன். அடுத்த முறை முணுமுணுத்தேன். பிறகு சனிக்கிழமை தவறாமல் போய்ப் பாட ஆரம்பித்தேன். பத்துப் பேர் கேட்டால் ஜாஸ்தி. ஆனால் மைக் இல்லாமல் பாடும்போது அடிவயிற்றிலிருந்து குரலை எடுக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் சலீம் பாயின் மிக்சர் குமிழ்கள் செய்துவந்த வேலையை நானே செய்ய வேண்டியிருந்தது. குரல் கனத்தது. எனக்கே அது புதிதாகக் கேட்டது.

தை பிறந்ததும் லாரன்ஸ் கேட்டான்: "கீழ்பென்னாத்தூர்ல ஒரு காதுகுத்து இருக்கு. காலையில ஃபங்ஷன். உங்க ஊரு. வரியா?"

"வரேன்" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூரில்

வயலுக்கு நடுவே புதிதாகக் கட்டிய மண்டபம். தரையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் தாய்மாமன் வரிசைத் தட்டுகளோடு வேன்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. பழம், வளையல், புதுத்துணி, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு.

சலீம் பாய் தன் புதுப் பெட்டியைத் திறந்தார். எல்லாப் பிளக்கிலும் தடித்த மூன்றாவது பின் பளபளவென்று இருந்தது. ஒரே பாயிண்ட். லாரன்ஸ் பல்பைக் கிட்டார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தான். எரியவில்லை. மீட்டரிலும் ஒன்றும் இல்லை.

"சுத்தம்" என்றான். "வா புனிதா."

நான் நகரவில்லை. என் கண் தரையில் இருந்தது. செருப்பை வாசலில் விட்டிருந்தேன். பாதத்துக்கடியில் ஈரம் சில்லென்று இருந்தது.

"லாரன்ஸ், கம்பியும் மைக்கும் சரி. என் காலு?"

"காலா?"

"நான் நிக்கிறது ஈரத்தரை. மைக்குக்கும் தரைக்கும் நடுவுல பாத்தியா?"

அவன் பல்பின் ஒரு நுனியை மைக்கில் வைத்து, இன்னொன்றை மேடையைத் தாங்கி ஈரத்தில் ஊன்றியிருந்த இரும்புக் கம்பத்தில் வைத்தான்.

பல்பு சிவப்பாக எரிந்தது.

கிட்டார், மைக், மிக்சர் எல்லாம் ஒரே மாதிரி கரண்டில் இருந்ததால் அவற்றுக்கு நடுவே ஒன்றும் காட்டவில்லை. பூமியில் கால் வைத்துத் தொடுகிறவருக்குத்தான் அடி. எனக்கு ஓடவேண்டும் என்று தோன்றவில்லை. இத்தனை மாதம் என்னைப் பிரிட்ஜைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்த பயம்தானே இப்போது கேள்வி கேட்டது என்று நினைத்தேன். முதல்முறையாக அந்தப் பயம் எனக்கு உறவுக்காரி மாதிரி தெரிந்தது.

குழந்தையின் தாய்மாமன் வேகமாக வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் வேர்வை. "இன்னாங்க, ஆளுங்கல்லாம் வந்துட்டாங்க. இன்னும் பாட்ட காணோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சலீம் பாய் முன்னால் வந்தார்.

"செட்டு போட முடியாதுங்க."

"இன்னாது?"

"உங்க மண்டபத்து எர்த்துல கரண்ட் வருது. அத சரி பண்ற வரைக்கும் ஒரு ஒயரும் போடமாட்டேன். நீங்க வேற செட்டு கூப்பிட்டாலும், அவங்கள்கிட்டயும் இதத்தான் சொல்லுவேன்."

தாய்மாமன் முகம் சிவந்தது. "இத்தினி ஃபங்ஷன் நடந்திருக்கு இங்க. உங்களுக்கு மட்டும் கரண்ட் வருதா?"

சலீம் பாய் லாரன்ஸ் கையிலிருந்த பல்பை வாங்கி, மைக்கிலும் கம்பத்திலும் வைத்துக் காட்டினார். அது எரிவதைப் பார்த்ததும் தாய்மாமன் இரண்டடி பின்னால் போனார். மேடை ஓரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை, "எல்லாம் எறங்குங்கடா கீழ!" என்று விரட்டிவிட்டு, மண்டப மேலாளரைத் தேடி ஓடினார்.

"பாட்டு நிக்காதுங்க" என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். "மைக் இல்லாம பாடுறேன்."

சொன்ன பிறகு லாரன்ஸைப் பார்த்தேன். அவன் ரிதம் பேடும் கரண்டில்தான் ஓடும்.

"எனக்கு ஒரு காலி அண்டா போதும்" என்று சொல்லிவிட்டு அவன் சமையற்கட்டுக்குப் போனான்.

அண்டா கேட்கப் போன இடத்தில்

சமையற்கட்டில் இரண்டு மூன்று பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாந்தி என்கிற அம்மா வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். லாரன்ஸ் அண்டாவை எடுக்கக் குனிந்தபோது அந்த அம்மா சொன்னாராம்:

"தம்பி, அந்தக் கிரைண்டர்ல கை படாம எடு. சுர்ருங்கும். போன முகூர்த்தத்துலருந்தே அப்படித்தான். நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுதான் அரைக்கிறேன்."

லாரன்ஸ் அண்டாவைக் கீழே வைத்தான். கிரைண்டரின் பிளக்கை உருவினான். "அம்மா, நான் சொல்ற வரைக்கும் யாரும் இத போடாதீங்க" என்றான். மேடைக்கு ஓடிவந்து பல்பை வைத்துப் பார்த்தான். எரியவில்லை.

கிரைண்டருக்குள் கசிந்த கரண்ட், மண்டபத்து எர்த் வயர் முழுக்கப் பரவி, எல்லா பாயிண்டின் மூன்றாவது ஓட்டை வழியாகவும் வெளியே வந்துகொண்டிருந்தது. பூமிக்குப் போகவேண்டிய வழியில் ஏதோ அறுந்திருக்கிறது என்று லாரன்ஸ் சொன்னான். வேறு வழியாக வருகிற கரண்ட் என்பதால் சலீம் பாயின் புது சுவிட்சுக்கும் அது தெரியவில்லை.

மேலாளர் தன் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். போர்வெல் போட வந்த வண்டி ஏறி, எர்த் குழிக்குப் போன கம்பி மண்ணோடு அறுந்து கிடந்தது.

அவர்கள் அங்கே மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க, இங்கே தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுமே அது வீறிட்டது. ஒரு காது முடிந்ததும் அழுகை மண்டபத்தின் கூரையைத் தொட்டது. இரண்டாவது காதைக் காட்ட மாட்டேன் என்று தலையை மாமன் மார்பில் புதைத்துக்கொண்டது.

நான் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துத் தாலாட்டு ஒன்றின் மெட்டு. சொற்கள் பாதி நானே போட்டவை. கிளி, கொலுசு, மாமன் வாங்கிவந்த மோதிரம். லாரன்ஸ் அண்டாவைக் கவிழ்த்து விரல் நுனியால் மெல்லத் தட்டினான். டும் என்று ஒரு சத்தம் வந்தது.

குழந்தை தலையைத் தூக்கி அண்டாவைப் பார்த்தது. டும். மறுபடி பார்த்தது. அந்த இடைவெளியில் ஆசாரி இரண்டாவது காதை முடித்துவிட்டார். ஒரே ஒரு விக்கல்தான் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். யாரோ கைதட்டித் தாளம் சேர்த்தார்கள். கடைசி வரிசைவரை நான் பாடுவது கேட்டது. கேட்டது என்று எனக்கும் தெரிந்தது.

பந்தி முதல் சுற்று முடிவதற்குள் எர்த் கம்பியை இழுத்து, புதுக் கிளாம்ப் போட்டு முடுக்கி, குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். கிரைண்டரை வெளியே எடுத்து வைத்து, வேறொன்று கொண்டுவந்தார்கள். லாரன்ஸ் பல்பாலும் மீட்டராலும் எல்லா இடத்திலும் பார்த்தான். கம்பி, மைக், கம்பம், ஈரத்தரை. கடைசியாகச் சலீம் பாய், யாரும் கேட்காமலே, தன் ஒரு கையால் மைக்கைப் பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றார். அப்படியே நின்றார்.

"இப்ப வாம்மா" என்றார்.

நான் மேடை ஏறும்போது சமையற்கட்டு வாசலில் சாந்தியம்மா நிற்பதைப் பார்த்தேன். முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு இல்லை.

"புதுக் கிரைண்டரத் தொட்டுப் பாத்துட்டேன்" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். "ஒண்ணுமே தெரியல. சும்மா சில்லுனு இருக்கு!"

"உங்களுக்கு ஒரு பாட்டு பாடட்டுமா?" என்று கேட்டேன்.

"எனக்கா?" என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், நான் வேறு யாரையோ கேட்கிறேன் என்று. பிறகு, "எத்தினியோ ஃபங்ஷன்ல பாட்டு கேட்டிருக்கேன்மா. எல்லாம் உள்ள இருந்துக்கிட்டே. யார் பாடுறாங்கனு முகத்தப் பாத்ததே இல்ல" என்றார்.

"அப்ப வந்து முன்னாடி உக்காருங்க."

அவர் தயங்கினார். தாய்மாமனே ஒரு நாற்காலியை இழுத்து முதல் வரிசைக்கு நடுவில் போட்டார். சாந்தியம்மா வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் மைக்கைப் பிடித்து வாயருகே இழுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடத் தொடங்கினேன்.